பார்க்காத சாட்சி

சம்மனைக் கொடுத்த திருப்பதி கான்ஸ்டபிள் பவன்குமார் இரண்டாவது தோசைக்கு உட்கார்ந்த பிறகும் வேங்கடாசலம் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பலமனேரில் இத்தனை வருஷம் டிபன் கடை நடத்தியும் அவருக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், படிக்க வராது.

மகள் பிரித்திகா படித்துச் சொன்னாள். "மார்ச் மாசம் திருப்பதி ஆட்டோ ஸ்டாண்ட்ல கோபிகிருஷ்ணன்னு ஒரு டிரைவரு யாரையோ சட்டையப் புடிச்சி அறைஞ்சிட்டாராம். நீ அவரு பக்கம் சாட்சியாம், நைனா."

"நானா? மார்ச்ல நான் இங்க தோச ஊத்திக்கினு இருந்தேனே!"

ஆனால் பெயரைக் கேட்டதும் கல்லில் இருந்த தோசையை மறந்துவிட்டார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் திருப்பதி லாட்ஜ் ஒன்றில் அவரும் கோபியும் ரூம் பாய்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரே பாய், ஒரே தலையணை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல பேன்ட். அதைப் போட்டுக்கொண்டுதான் வேங்கடாசலம் பெண் பார்க்கப் போனார். திருப்பிக் கொடுப்பதற்குள் லாட்ஜை இடித்துவிட்டார்கள். இருவரும் ஆளுக்கொரு திக்காய்ப் போய்விட்டார்கள்.

"அந்த பேன்ட்டப் பாத்துத்தான் நானும் சரின்னேன்," என்றாள் மனைவி கன்னிகா. "அதுக்குன்னு பொய் சாட்சி சொல்லி உள்ள போவியா? ஜொரம்னு ஒரு சர்ட்டிபிகேட் அனுப்பு."

தினமும் இட்லிக்கு வரும் டாக்டர் உடனே எழுதிக் கொடுத்தார். வாட்ஸப்பில் அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் பவன்குமாரிடமிருந்து போன்.

"இன்னாய்யா, சீல்ல கால்நடை ஆஸ்பத்திரின்னு இருக்குது? திங்கக்கெழம நீ வரல, வாரன்ட்டுதான்!"

வேறு வழியில்லை. நண்பனுக்காகப் பொய் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் சித்தூர் தாண்டும்வரை, "ரெண்டு கண்ணால பாத்தேன் சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பாவத்துக்குப் பரிகாரமாகத் திருமலையில் அட்வான்ஸாக ஒரு மொட்டையும் போட்டுக்கொண்டார். மீசையும் சேர்ந்து போயிற்று.

மறுநாள் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் ஆதார் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாரு?"

கூண்டிலிருந்து கோபி கத்தினார். "அந்த யானக் காதப் பாருங்க சார்! எங்க வேங்கடந்தான்!"

குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியை அடையாளம் காட்டியது அந்தக் கோர்ட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சம்பவத்தப் பாத்தியா?"

வேங்கடாசலம் வாயைத் திறந்தார். எதிரே கோபி. தலையெல்லாம் நரை, அதே அசட்டுச் சிரிப்பு. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"இவனப் பாத்தே பதினாறு வருசம் ஆச்சி சார்! மார்ச்ல நான் பலமனேர்ல தோச ஊத்திக்கினு இருந்தேன்!"

கோர்ட்டே சிரித்தது. கோபி கைகூப்பினார். "குத்தத்த ஒத்துக்கறேன் சார்."

ஐந்நூறு ரூபாய் அபராதம். கோபி கட்டப் போனார். வெளியே வேங்கடாசலம் மொட்டையில் அடித்துக்கொண்டார். "பாவி, என் வாயாலயே அவன மாட்டி வுட்டுட்டேனே!"

"நீ வேற!" என்றார் பவன்குமார். "மொத நாளே ஒத்துக்கினு ஃபைன் கட்டுடான்னு எல்லாரும் சொன்னோம். முடியாது, சாட்சி இருக்குறான், பலமனேர் பக்கம், பேரு வேங்கடாசலம்னுட்டான். பதினோரு வேங்கடாசலத்தப் பாத்துட்டுதான்யா உன் கடைக்கு வந்தேன். இப்பத்தான் சொல்றான், காணாமப் போன ஃப்ரெண்டக் கண்டுபுடிக்க சம்மன விட்டா வேற வழி தெரியலயாம்!"