இட்லி ஆறுவதற்குள் ஜெயித்த ஆனாலும் சார்

உயிருக்கு ராஜா இதயமா மூளையா என்று இடைக்கால ஐரோப்பாவில் தத்துவக்காரர்களும் வைத்தியர்களும் நூற்றாண்டுக்கணக்கில் போட்ட சண்டையை, திண்டிவனத்து மெஸ் ஒன்றில் இட்லி ஆறுவதற்குள் தீர்த்துவைத்தவர் எங்கள் ஆனாலும் சார்.

கல்லூரியில் தத்துவப் பேராசிரியர், வானூர்க்காரர். லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை. எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஐரோப்பியப் பல்கலைக்கழக விதியாம். மனிதர் அந்த விதியைச் சாம்பார் விஷயத்தில்கூட விடமாட்டார்; 'ஆனாலும்' சார் என்று பேர் வந்ததே அதனால்தான்.

"உப்பு கொறஞ்சா பிரஷருக்கு நல்லது, பருப்பு ருசி தெரியும்னு சொல்லுவ. வாஸ்தவம். ஆனாலும்..." என்பதற்குள் பரிமாறுகிறவர் அடுத்த வரிசைக்குப் போயிருப்பார்.

போன வருஷம் எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. மறுநாள் காலை மெஸ்ஸில் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தேன். "மனசே சரியில்ல சார். கனமா இருக்கு."

"டிரான்ஸ்ஃபர்னா பேஜாருதாங்க. ஒரு படம் பாத்துக்கினு வாங்க, சரியாப்பூடும்" என்றார் மெஸ்காரர்.

ஆனாலும் சார் என்னையே உற்றுப் பார்த்தார். "மனசுன்னு சொல்லிக்கினு கைய எங்க வெச்சிருக்க?"

"நெஞ்சுல சார்."

"இதயந்தான் ராஜான்னான் தத்துவக்காரன். மூளைன்னான் வைத்தியன். கட்டிப் பொரண்டானுங்க! டிரான்ஸ்ஃபர் கவலைதான், ஒத்துக்கறேன். கவலையில நெஞ்சு கனக்கும், அதையும் ஒத்துக்கறேன். ஆனாலும் கவலைக்கு எடது கை வலிக்குமாய்யா? தேய்ச்சிக்கினே இருக்கறியே! இப்படி வேர்க்குமா? எழுந்திரு!"

என்னை அள்ளி, வாசலில் நின்ற வாடகைக் காரில் போட்டார். "விழுப்புரத்துக்கு பைபாஸ்ல போனா..." என்று டிரைவர் இழுத்தார். வாழ்நாளிலேயே முதல் தடவையாக எதிராளியின் வாதத்தைக் கேட்காமல் சார் கத்தினார்: "எதுலயாவது போய்யா, ஜல்தி!"

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டரம்மா, "ஹார்ட் அட்டாக்தான். நல்லவேளை, நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க" என்றார். அடைப்பை நீக்கி என்னை மீட்டுவிட்டார்கள்.

கண் விழித்தபோது வார்டே அதிர்ந்துகொண்டிருந்தது. "ராஜா இதயந்தான், ராஜாவக் காப்பாத்துன மந்திரி மூளை! ரெண்டு கட்சியும் ஜெயிச்சுது!" என்று சார் இரண்டு கையையும் தூக்கி முழங்கினார். நர்ஸ் அதட்டினார். பக்கத்துக் கட்டில்காரர், விஷயம் என்னவென்றே தெரியாமல், கை தட்டினார்.

"பயந்துட்டீங்களா சார்?" என்றேன்.

"எதுக்குய்யா பயப்படணும்? நல்ல ஆஸ்பத்திரி, கெட்டிக்கார டாக்டரு, நீ பொழச்சுக்குவன்னு தெரியும். ஆனாலும்..."

அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். நெஞ்சில் இருந்தது.