செய்யாநாளில் திறக்காத கதவு

கீழாற்றுக் கோட்டைத் தலைவரும் என் தங்கை நேடாவின் கணவருமாகிய ராதோவன் மாப்பிள்ளை அவர்களுக்கு, மேலாற்றுக் கோட்டை விட்டோமிர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தங்கள் மாடு கன்றும் தேன்கூடுகளும் பெருகட்டும். தங்கையின் இடுப்புவலி தீரட்டும். இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் தாடி நரைத்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டு, முதல் கடிதத்திலேயே பொய் எழுத மனம் வரவில்லை. இங்கே யாரும் சுகமில்லை. இதை உப்பு வியாபாரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தச் சாமியார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

மேற்கே பிராங்கியர் நெருக்குகிறார்கள், தெற்கே கிரேக்கர் பல்லைக் காட்டுகிறார்கள், எவர் கையால் ஞானஸ்நானம் வாங்கினால் நிம்மதி என்று கேட்டு ஆளனுப்பியிருந்தீர்கள். மாப்பிள்ளை, நான் இரண்டு பக்கமும் பார்த்தவன். முதலில் பிராங்கியர் என்னை ஆற்றில் முக்கினார்கள். அடுத்து கிரேக்கர் வந்து, முக்கியது செல்லும், ஆனால் முக்கியவர் சரியில்லை என்று தலையில் எண்ணெய் தடவினார்கள். இப்போது குந்தர் என்ற பிராங்கியச் சாமியாரும் நிகேத்தா என்ற கிரேக்கச் சாமியாரும் என் சாப்பாட்டுப் பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சனிக்கிழமை பட்டினி கிடக்காவிட்டால் நரகம் என்கிறார் குந்தர். கிடந்தால் நரகம் என்கிறார் நிகேத்தா. என் மனைவி ஸ்டானா பன்றிக்கறியைப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறாள். குனிந்து குனிந்து தின்று எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இதையெல்லாம் எதற்குப் பொறுத்துக்கொண்டேன் என்று தங்களுக்குத் தெரியும். என் மகன் லூபோர். எல்லைச் சண்டையில் நான் தோற்றபோது பிராங்கிய எல்லைப் பிரபு எர்க்கன், சின்னப் பையனாக இருந்தவனைப் பிணையாகக் கொண்டுபோனார். என் கோட்டை முழுவதும் ஞானஸ்நானம் வாங்கி, அவர்களுடைய புனித நாளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் திருப்பித் தருவதாகச் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பேன் என்றும் சொன்னார். பிள்ளைக்காக ஆற்றில் மட்டுமா, கொதிக்கிற கூழில் இறங்கச் சொன்னாலும் இறங்கியிருப்பேன். கிரேக்கரை நான் கூப்பிட்டதும், பிராங்கியர் பிள்ளையோடு கோட்டையையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாதே என்றுதான்.

வினை அந்தப் புனித நாளின் பெயரில் வந்தது. குந்தருக்கு நம் பேச்சு அரைகுறை. அந்த நாளுக்கு நம் மொழியில் என்ன பேர் வைப்பது என்று யோசித்தவர், என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு பெரிய மனிதரைக் கேட்டிருக்கலாம். போயும் போயும் வாசல் காவல்காரன் போலெக்கைக் கேட்டார். அவன் கொஞ்ச நேரம் வயிற்றைச் சொறிந்துவிட்டு, “நெதேலா” என்றான். செய்யாநாள். சாமியாரும் மகிழ்ந்து போய் மரத்தடியில் எல்லாரையும் கூட்டி, இனி ஏழில் ஒரு நாள் செய்யாநாள் என்று அறிவித்துவிட்டார். எதைச் செய்யாத நாள் என்று அவர் சொல்லவில்லை. நம் ஜனங்களுக்கு ஒன்றைச் செய் என்றால்தான் ஆயிரம் சந்தேகம் வரும். செய்யாதே என்றால் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

அன்று முதல் செய்யாநாளில் யாரும் பால் கறப்பதில்லை. மாடுகள் மடி கனத்து என் ஜன்னலடியில் வந்து கதறுகின்றன. கொல்லனின் கூரை பற்றிக்கொண்டபோது ஊரே சுற்றி நின்று, மிகுந்த வருத்தத்தோடு பார்த்தது. எரிந்து முடிந்ததும் கொல்லனுக்கு ஆறுதல் சொன்னார்கள், அதுவும் உட்கார்ந்தபடியே. குந்தருக்கோ ஆனந்தக் கண்ணீர். இப்படிப் புனித நாளைக் காக்கும் ஜனத்தை எங்கும் கண்டதில்லை என்று தன் பிஷப்புக்கு எழுதிப் போட்டார். போலெக் அதற்குள் பாதிச் சாமியார் ஆகிவிட்டான். வார்த்தையைக் கொடுத்தவன் அவனாம், அதனால் அர்த்தமும் அவனிடம்தான் இருக்கிறதாம்.

நேற்று செய்யாநாள். மழை. எர்க்கன் பிரபு லூபோரை அழைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நான் கேட்டது போலெக்கின் குரலைத்தான்.

“இன்னிக்குச் செய்யாநாளுங்க! போயிட்டு நாளைக்கு வாங்க!”

விழுந்தடித்து ஓடினேன். கதவின் தாழ்மரம் முழு ஓக் மரம் என்பது தாங்கள் அறிந்ததே. காவல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கினால்தான் நகரும். எல்லாரும் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“டேய் போலெக், தொறடா! வெளியில நிக்கிறது யாருன்னு தெரியுமா?”

“தெரியுங்க ராசா. சின்னவரு நிக்கிறாரு. அதனாலதாங்க தொறக்கல.”

“என்னடா சொல்றே?”

“இந்த நாள ஒடைச்சா சின்னவர விடமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பிரபு வேணும்னே இன்னிக்குப் பாத்து வந்திருக்காரு. இது சோதனைங்க. இப்பத் தொறந்தோம்னா, ‘பாத்தியா, வேலை செய்யறான் பாரு’ன்னு சின்னவரத் திரும்ப இழுத்துக்கிட்டுப் போயிடுவாரு.”

மாப்பிள்ளை, அந்த மடையன் பேச்சில் எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. திறந்தால் சோதனையில் தோற்போம். திறக்காவிட்டால் பிரபுவை அவமதித்தவர்கள் ஆவோம். இரண்டிலும் போவது என் பிள்ளை. குந்தரைப் பிடித்து இழுத்து வந்தேன். அவசரத்துக்குத் திறக்கலாம், பாவமில்லை என்றார். உடனே நிகேத்தா தாடியை உருவிக்கொண்டு, “ஒங்க எசமான் நனையறாருன்னா மட்டும் சட்டம் வளையுமோ?” என்று ஆரம்பித்தார். “அப்போ ஒங்க சக்கரவர்த்தி வந்து நின்னா தொறக்க மாட்டீரா?” என்று குந்தர். “எங்க சக்கரவர்த்தி செய்யாநாள்ல ஊர் சுத்த மாட்டாரு” என்று அவர். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் எழுந்திருப்போம் என்று காவல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் எதில்தான் ஒத்துப்போயிருக்கிறார்கள்?

ஸ்டானா கூழ் துடுப்பை எடுத்து வந்து போலெக்கை மொத்தினாள். “எம்புள்ள மழையில நனையறான்டா, பாவி!” என்று அழுதாள். “அடிங்கம்மா, சின்னவருக்காகத் தாங்கிக்கறேன்” என்று அவனும் அழுதான். நானே தாழ்மரத்தைத் தூக்கப் பார்த்தேன். இடுப்பு பிசகியது.

அப்போது வெளியிலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. தட்டுத்தடுமாறி நம் பேச்சில், “அப்பா, நல்லா இருக்கீங்களா?” என்றது. யார் அது என்று நான் போலெக்கைக் கேட்டேன். ஸ்டானா துடுப்பைக் கீழே போட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு என் பிள்ளையின் குரல் தெரியவில்லை மாப்பிள்ளை. குழந்தைக் குரலோடு அனுப்பியவன் நான், அதையே காதில் வைத்துக்கொண்டு இத்தனை காலமாகக் காத்திருந்தேன். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குதிரைகள் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு மழை மட்டும்.

ஆகவே சொல்கிறேன். எந்தச் சாமியாரையும் உள்ளே விடாதீர்கள். விடிந்ததும் இந்த இருவரையும் ஒரே ஓடத்தில் ஏற்றித் துடுப்பில்லாமல் ஆற்றில் தள்ளிவிடப் போகிறேன். இடியிறைவன் பெரூனுக்குப் பழைய இடத்திலேயே மறுபடி கம்பம் நடுவேன். தங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் ஈட்டியோடு அனுப்பி வையுங்கள். பிரபுவின் கோட்டையை இடித்தாவது பிள்ளையை மீட்டு வருவேன். எனக்கு அலுத்துவிட்டது. இனிப் பெரிய இடத்து உறவும் வேண்டாம், அவர்கள் தயவும் வேண்டாம்.

இருட்டு பிரியும் இந்த நேரத்தில் இடுப்பில் ஒத்தடத்தோடு எழுதுகிறேன். தங்கைக்கு என் ஆசி. குழந்தைகளின் உச்சியில் என் பெயரால் ஒரு முத்தம். தங்கள் குலம் ஆற்றங்கரை நாணலாகத் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன மைத்துனன்
விட்டோமிர்

பின்குறிப்பு: ஆட்களை அனுப்ப வேண்டாம். விடிந்ததும் போலெக் கதவைத் திறந்தான். சுவரோரம் தொப்பலாக நனைந்தபடி லூபோர் தனியாக உட்கார்ந்திருந்தான். பிரபு கிளம்பு என்றாராம். “செய்யாநாள்ல பயணம் போறது பாவம்னு உங்க சாமியாருங்கதானே சொல்லிக்குடுத்தாங்க? நான் வரல, நீங்க போங்க” என்று இவன் தரையில் உட்கார்ந்துவிட்டானாம். பிரபு கொஞ்சம் திட்டிவிட்டு, கொஞ்சம் சிரித்துவிட்டு, “அந்தக் காவல்காரன் மாதிரி ஒருத்தன் என் கோட்டையில கெடையாது, நீ அங்கயே இரு” என்று விட்டுப் போனாராம். செய்யாநாளில் கதவு திறக்காது என்று இவனும் கூப்பிடாமலே ராத்திரியைக் கழித்திருக்கிறான். பெரூன் கம்பத்தைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். தாங்களும் தாராளமாக ஞானஸ்நானம் வாங்கலாம், எவர் கையாலும் பரவாயில்லை. நாளுக்குப் பெயர் மட்டும் தாங்களே வையுங்கள். சாமியார்கள் இருவரும் உள்ளே கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நேடாவிடம் ஒன்று சொல்லுங்கள்: பையன் என்னைவிட உயரம். வீட்டுக்குள் நுழையும்போது நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டான். குனிந்து வா என்று அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஸ்டானாவுக்கும் தோன்றவே இல்லை.