பீரோவுக்குள் கும்பிட்டவர்

நான் ஆவியைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு விட்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அதனிடம் சத்தம் போட்டு மன்னிப்பும் கேட்டேன். அது மைக்கில் பதிவாகி, புதுச்சேரிப் பள்ளிப் பிள்ளைகள் பலர் கேட்டும்விட்டார்கள்.

பாகூர்ப் பக்கம் அப்போது எனக்கிருந்த பெயர் ‘சாவு வீட்டு வீடியோக்காரர்’. நானாகத் தேடிக்கொண்டதல்ல. சில பெரிய சாவுகளைக் கொஞ்சம் நன்றாக எடுத்துத் தொலைத்துவிட்டேன். (இந்த வட்டாரத்தில் பாடைக்கு மேல் முதலில் ட்ரோன் விட்ட மகான் நான்தான்.) அதன்பிறகு ஒருவரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. மஞ்சள் நீராட்டு இல்லை, காதுகுத்து இல்லை. கடைத்தெருவில் நான் எதிரே வந்தால் வயதானவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கல்வித்துறைக்காகப் பள்ளிப் பாடங்களை வீடியோவாக எடுக்கும் வேலை வந்தது. முதலில் மாதிரிக்கு ஒரே ஒரு பாடம். அது தேறினால் அந்த ஆண்டு அறிவியல் பாடம் முழுக்க எனக்கு. என் மனைவி கலா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “இது கெடச்சா பொழப்பு மாறும். இல்லன்னா கேமராவ வித்துட்டுத் திருபுவனை கம்பெனில செக்யூரிட்டியா போயிடுங்க. சாவு வூட்டு சோறு இனிமே வாணாம்.”

சனிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். பாடம் நடத்த வந்தவர் சுமதி டீச்சர். வயதில் என்னைவிடச் சின்னவர், கறாரில் என்னைவிடப் பல மடங்கு பெரியவர்.

அறிவியல் ஆய்வக அறையில் எல்லா ஜன்னல்களையும் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். (பக்கத்து வயல் மோட்டாரையும் நிறுத்தச் சொன்னேன். அந்த விவசாயி சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.) டீச்சர் மேல் இரண்டு விளக்குகள், மற்றபடி அறை முழுக்க இருட்டு. அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட பழைய பீரோ. அதற்குள் பாட்டில் பாட்டிலாகத் தவளை, பாம்பு, என்னவென்றே சொல்ல முடியாத வெளுத்த ஒரு ஜந்து. எதிர்முனையில் கேமராவோடு நான். வியர்வை கண்ணில் இறங்காமலிருக்க வெள்ளைத் துண்டைத் தலையோடு சுற்றி, குனியும்போது நழுவுகிறதே என்று தாடைக்கடியில் முடிச்சும் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் ஹெட்போன். படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே மறந்திருந்தேன்.

ஒரு தொழில் ரகசியம்: எடுக்கிற பாடத்தை நான் கேட்பதே இல்லை. குரல் உடைகிறதா, மூச்சு இரைகிறதா என்பதுதான் காதில் விழும். அர்த்தம் உள்ளே போகாது.

கேமரா ஒரு முகத்தைக் கண்டுகொண்டால் திரையில் அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு சதுரம் போடும். சதுரம் யார்மேல் நிற்கிறதோ அவர்தான் தெளிவாகத் தெரிவார். முதலில் டீச்சர் முகத்தில்தான் நின்றது. பிறகு அவரை விட்டு நகர்ந்தது. மெதுவாக ஊர்ந்துபோய் பீரோவின் நடுவில், ஓர் ஆள் உயரத்தில் நின்றுகொண்டது.

அங்கே யாரும் இல்லை.

நிமிர்ந்து நேராகப் பார்த்தேன். இருட்டும் பாட்டில்களும்தான். குனிந்து திரையைப் பார்த்தேன். சதுரம் அங்கேயே இருந்தது. டீச்சரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கேமரா தவளையின் முகத்தைப் பிடிக்கிறதோ என்று பீரோவரை நடந்துபோய் அந்தப் பாட்டிலைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். திரும்பி வந்து குனிந்தேன். எனக்காகவே காத்திருந்ததுபோல் சதுரம் மறுபடி வந்தது.

சும்மா கேட்பதுபோல் கேட்டேன், இந்த ரூமில் முன்பு யார் இருந்தார்கள் என்று.

“தெய்வசிகாமணி சாரு,” என்றார் டீச்சர். “குருவிநத்தத்துக்காரரு. ரிட்டையர் ஆயிட்டாரு, போன மாசம் தவறிட்டாரு பாவம். இந்த பீரோவ மட்டும் யாரையும் தொட வுட மாட்டாரு.”

கேமரா ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் தெய்வசிகாமணி சாரின் சாவை எடுத்தது நான். இதே கேமரா. ஒரு பகல் முழுக்க அவர் முகத்தின்மேல்தான் அந்தச் சதுரம் நின்றது. கேமராவுக்கு ஒரு முகத்தைப் பழக்கிவிட்டால் கூட்டத்திலும் அதைத் தேடிப் பிடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். சாரின் முகத்தை இதற்குப் பழக்கிவிட்டேன். பழகிய முகத்தை இது தேடிப் பிடித்துவிட்டது. எவ்வளவு அழகான தர்க்கம் பாருங்கள். என் மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்தது அன்று ஒருநாள்தான்.

டீச்சர் மறுபடி பாடத்தைத் தொடங்கினார். திரையில் சதுரம் இருந்த இடத்தைப் பெரிதாக்கினேன்.

ஒரு முகம் இருந்தது. மங்கலாக, நீலம் பாரித்து, கண்கள் குழியாக. தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. தாடைக்கடியில் முடிச்சு. வாய்க்கட்டு. அன்றைக்குப் படுத்திருந்த அதே கோலத்தில் இப்போது நின்றுகொண்டிருந்தார்.

என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். பீரோவுக்குள் இருந்தவரும் கும்பிட்டார்.

செத்தவர் உங்களைப் பார்த்துக் கும்பிட்டால் நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. நான் பேசினேன். “சார், என்ன வுட்டுடுங்க சார். நல்லாத்தான் சார் எடுத்தேன். மூக்குல ஈ உக்காந்ததக்கூட கட் பண்ணிட்டேன். ட்ரோன் சத்தம் தொந்தரவா இருந்திருந்தா மன்னிச்சிக்குங்க.”

நான் பேசப் பேச அவர் வாயும் அசைந்தது. பதில் சொல்கிறார், ஆனால் குரல் வரவில்லை. காதில் விழுந்ததெல்லாம் என் அழுகைக் குரல்தான். அதற்குமேல் அங்கே நிற்கிற அளவுக்குத் தைரியத்தோடு என்னைப் பெற்றவர்கள் பெறவில்லை. ஓடினேன். ஹெட்போன் ஒயர் கேமராவில் மாட்டியிருந்ததால் கேமராவும் ஸ்டாண்டும் கொஞ்ச தூரம் என்னோடு ஓடிவந்து விழுந்தன. பின்னால் அவர் துரத்திவந்து ஏதோ உடைக்கிறார் என்றே நினைத்தேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில்தான் நின்றேன்.

சிறிது நேரத்தில் டீச்சர் கேமராவைக் கையிலேந்தி வந்தார். லென்ஸ் போயிருந்தது. திரை வேலை செய்தது. எடுத்ததைப் போட்டுப் பார்த்திருந்தார்.

“அண்ணே, மொதல்ல தலையில கட்டியிருக்கறத அவுருங்க.”

அவிழ்த்தேன்.

“காலையிலேர்ந்து நான் இன்னா பாடம் எடுத்தேன்?”

“அறிவியல், டீச்சர்.”

“அறிவியல்ல?”

“தவளையா, டீச்சர்?” என்றேன் குத்துமதிப்பாக.

“கண்ணாடியில பிம்பம் எப்படி வுழுதுன்னு எடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னாடி ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, முன்னாடி நிக்கறவருதான் அதுன்னு எத்தன தடவ சொன்னேன்? ஸ்க்ரீன் வெளிச்சம் மொகத்துல அடிக்குது, பீரோ கண்ணாடில நீங்க தெரியறீங்க. போதுமா?”

சாவு வேலையிலிருந்து தப்பிக்க வந்தவன், என் பிணத்தை நானே படம் பிடித்திருந்தேன். வேறு கேமரா கிடையாது, நேரமும் கிடையாது. திருபுவனை கம்பெனி வாசலில் செக்யூரிட்டிச் சட்டையோடு நிற்கும் நான் கண்முன் வந்தேன். டீச்சரோ, எடுத்ததையே அனுப்பலாம் என்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன்.

“மானம் பெருசா, பொழப்பு பெருசா? சொல்லுங்கண்ணே.”

மானம் சின்னதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அதுவரை தெளிவாக இருந்த பகுதிக்குப் பின்னால் பீரோ காட்சியை ஒட்டினேன். ‘இவர் யாரைப் பார்த்துக் கும்பிடுகிறார் என்று உங்களால் சொல்ல முடியுமா, மாணவர்களே?’ என்று செல்போனில் பேசிச் சேர்த்தார் டீச்சர். என் மன்னிப்புப் பேச்சை வெட்டவிடவில்லை.

இருட்டும் நேரத்தில் கல்வித்துறை அதிகாரி போன் செய்தார். பீரோவுக்குள் வரும் நடிகர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். மற்ற பாடங்களிலும் அவர் வரவேண்டும் என்றார்.

வந்தேன். தனி ஊசல் பாடத்துக்கு மரக்கிளையில் தொங்கினேன். உராய்வுப் பாடத்துக்கு வழுக்கி விழுந்தேன். சில மாதங்களில் வில்லியனூரில் ஒரு காதுகுத்துக்கு அழைப்பு வந்தது. பள்ளியில் படிக்கும் அந்த வீட்டுப் பிள்ளை பாட வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு இந்த மாமாதான் வேண்டுமென்று அடம்பிடித்ததாம். மண்டபத்தில் நான் கேமராவுக்குக் குனிந்தபோது, எதிரே பிள்ளைகள் வரிசையாகத் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டு நின்றார்கள்.

இப்போதும் வெளியே கிளம்பும்போது நிலைக்கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றால் சமையலறையிலிருந்து கலா கேட்பாள்: “சார் இன்னா சொல்றாரு? பேசி முடிச்சிட்டீங்களா?”

சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து மரியாதைக்கு ஒரு கும்பிடு போடுவேன். அவரும் போடுவார். இதுவரை அவர் என்னை முந்திக்கொண்டதில்லை.