கூத்து வாத்தியாரின் நெருப்புப் பாடம்

பொம்மிடியில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த எவனும் உட்கார்ந்த இடத்தில் பேசமாட்டான். எழுந்து, நடந்து, கதவைத் திறந்து, எதையாவது தூக்கி வைத்துத்தான் பேசுவான். அந்தப் பழியெல்லாம் கூத்து வாத்தியாரையே சேரும்.

கூத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. யுத்த காலத்தில், ஒரு புளி மண்டியின் பின்கட்டில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். வயதில் என்னைவிட நான்கு வருஷம் சின்னவர். புத்தகம் கிடையாது, பலகை கிடையாது. "வாய் சொல்றத உடம்பு செய்யணுமுங்க. அப்பத்தான் பாஷை ஒட்டும்" என்பது அவர் சட்டம். 'ஓபன் தி டோர்' என்றால் கதவைத் திறந்தாக வேண்டும். 'டிரிங்க்' பாடத்தன்று கூடப் படித்த கம்பவுண்டர் ஒன்பது டம்ளர் தண்ணீர் குடித்தார். பத்தாவது டம்ளரைப் பார்த்ததும், நடத்தாத 'ரன்' பாடத்தைத் தாமாகவே படித்துவிட்டார்.

மழைப் பாடத்தன்று வாத்தியார் பூவாளியோடு ஏணியில் ஏறி, கம்பவுண்டர், மண்டிக்காரர், நான் என மூன்று பேர் தலையிலும் ஊற்றினார். "இட் இஸ் ரெயினிங்" என்று நனைந்துகொண்டே சொன்னோம். மண்டிக்காரர் வேட்டியைப் பிழிந்தபடி கேட்டார்: "நாளைக்கு என்ன பாடமுங்க?"

"நெருப்புங்க."

மறுநாள் என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை.

எனக்கு வேறு வழியில்லை. ரயில்வே ஸ்டேஷனில் நான் தற்காலிகக் குமாஸ்தா. அடுத்த வாரம் வெள்ளைக்கார துரை வருகிறார். அவர் இங்கிலீஷில் கேட்பதற்கு இங்கிலீஷில் பதில் சொன்னால் வேலை நிரந்தரம். விழித்தால் மாரண்டஹள்ளிக்குப் போய் அண்ணனின் மாடு மேய்க்கலாம். பாலக்கோட்டில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பாவும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வேல நெலச்சா மாப்ளயா வாங்க. நெலைக்கலன்னா சும்மா வந்து மோர் குடிச்சிட்டுப் போங்க."

ஆகவே நெருப்புப் பாடத்தை நான் ஒருவனே படித்தேன். வாத்தியார் முற்றத்தில் புளியம்பழ ஓடுகளைக் குவித்துக் கொளுத்தினார். "ஃபயர், ப்ரிங் வாட்டர், போர் வாட்டர்" என்று கத்திக்கொண்டே கிணற்றுக்கும் குவியலுக்கும் பதினோரு நடை ஓடித் தண்ணீர் ஊற்றினேன். மீசையில் பாதி கருகியது. "பாஷை ஒட்டிக்கிச்சுங்க" என்றார் வாத்தியார், திருப்தியாக.

துரை வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் அவர் எதிரே என்னை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததுதான் தப்பு. பெயர் கேட்டார், எனக்கே மறந்துபோயிருந்தது. ஊர் கேட்டார், ஊரும் பெயரோடு போயிருந்தது. பாலக்கோட்டு மோர் கண்ணெதிரே தெரிந்தது. துரை சலித்துப்போய்ச் சுருட்டைப் பற்றவைத்தபடி கடைசிக் கேள்வியைக் கேட்டார்: சரக்குக் கொட்டகையில் தீப்பிடித்தால் என்ன செய்வாய்?

தப்பி ஓட வழி தேடி ஜன்னலைப் பார்த்தேன். வெளியே, கொளுத்தும் வெயிலில் வாத்தியார் நின்றார். வாயைத் திறந்தால் காவல்காரன் துரத்திவிடுவான் என்று, ஒரு காலிச் சொம்பைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் உடம்பு எழுந்தது. "ஃபயர்" என்றேன். "ப்ரிங் வாட்டர்." மேஜைமேல் கூஜா இருந்தது. "போர் வாட்டர்" என்று சொல்லி முடித்தபோது சுருட்டு அணைந்திருந்தது. துரையின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இனி நிறுத்தினால் செத்தோம் என்று தோன்றியது. கதவைத் திறந்தேன், சாத்தினேன், நாற்காலியைத் தூக்கினேன், இறக்கினேன். ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் சொன்னேன். இங்கிலீஷ் சரக்கு தீர்ந்ததும், துரையைக் காட்டி "இட் இஸ் ரெயினிங்" என்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

துரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன், கூஜாவை மட்டும் என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

வெளியே ஓடினேன். "வேலை நெலச்சிருச்சு, வாத்தியாரே. 'தேங்க் யூ' சொல்லணும். அதுக்கு என்னங்க செய்யணும்?"

அவர் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. "அந்தப் பாடத்த இன்னும் யோசிக்கலைங்க. என்கிட்ட யாரும் சொன்னதில்ல பாருங்க."

சொம்பை வாங்கினேன். ஸ்டேஷன் குழாயில் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை, மிடறுக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே நின்றேன். இன்றைக்கும் யாருக்காவது அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தால், என் கை ஒரு சொம்பைத் தேடுகிறது.