மருமகனுக்கு வாங்கிய கோப்பி மெஷின்

ஹல்துமுல்லை,
நவம்பர் 28.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் றுஷாந்தன் அவர்களுக்கு, மாமா சிங்கராயர் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் மாமி இருதயம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் ஒரு தடவையும் மழை விட்ட பிறகு ஒரு தடவையும் வலிக்கிறது. கொழும்பில் உங்கள் உடம்பும் உத்தியோகமும் மகள் ஜெனிற்றாவும் நல்லபடி இருக்க தினமும் செபிக்கிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும், "இந்தா மாமா, ஜெனிற்றா பேசுறா" என்று கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கொடுக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நத்தார் பண்டிகைக்கு நீங்களும் வருவீர்களா என்று கேட்டால் மகள், "பாப்போம்ப்பா, அவருக்கு வேலை" என்கிறாள். இந்த வருஷ ஈஸ்டரிலிருந்து உங்களுக்கு வேலைதான். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று சாப்பாடு முடிந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினபோது நீங்கள் பையிலிருந்து ஒரு கோப்பி பாக்கெட்டை மெதுவாக எடுத்து, மாமியிடம் சுடுதண்ணி கேட்டீர்கள். நான் முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தவன். என்னோடு வேலை செய்த சிவஞானமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால், "கோப்பி குடிக்கிறவனுக்கு நாக்கு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். அதனால், நம் வீட்டிலும் ஒரு கோப்பி மெஷின் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, போன மாதம் பதுளைக்கு பஸ் ஏறினேன்.

பதுளையில் ஜாபிர் என்பவரின் மின்சாமான் கடை. தங்கமான மனுஷன். மூன்று மெஷினைக் காட்டினார். ஒன்று, தூளை உள்ளே அடைத்து மூடிய சின்னக் குப்பியைப் போட்டால் கோப்பி வருவது. இன்னொன்று கண்ணாடி ஜக்கில் சொட்டுச் சொட்டாக இறங்குவது. மூன்றாவது, கைப்பிடி வைத்தது, முன்னால் வட்டமாக அழுத்தம் காட்டுகிற ஒரு மீட்டரும் அதில் ஒரு முள்ளும். எதை எடுக்கிறீங்க என்று கேட்டார். ருசி பார்க்காமல் எப்படிச் சொல்வது, மூன்றிலும் போட்டுத் தாங்க என்றேன், போட்டுத் தந்தார். நமக்குத் தெரிந்தது தேயிலை ருசி பார்க்கிற முறை ஒன்றுதானே, கோப்பைகளை மேசையில் வரிசையாக வைத்து, கரண்டியால் எடுத்து, தொண்டை வரைக்கும் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஃபெக்டரியில் துப்புவதற்குப் பக்கத்திலேயே பாத்திரம் இருக்கும். இங்கே இல்லை, வாயிலோ கோப்பி, பேசவும் முடியாது, கையெட்டும் தூரத்தில் சோறு சமைக்கிற குக்கர் ஒன்று மூடி திறந்து இருந்தது. காசு வாங்கும் மேசையில் இருந்த ரிஸ்கா, ஜாபிரின் மகள், எழுந்து ஓடிவந்து, "வாப்பா, ஐயாவுக்கு என்னமோ செய்யுது, ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு இரண்டாவது கோப்பையை உறிஞ்சினேன். மூன்றாவதுக்குள் கடை வாசலில் பத்துப் பேர். ஜாபிர் மட்டும் குக்கரைக் கழுவக் கொண்டுபோனார்.

குப்பி மெஷின் வேண்டாம் என்றேன், உள்ளே இருக்கிற சரக்கைக் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் வாங்கினதில்லை. ஜக்கு மெஷினும் வேண்டாம், அடியில் சூட்டோடு அப்படியே கிடந்தால் எந்தச் சாயமும் கசந்துபோகும். மூன்றாவதில் மீட்டர் இருந்தது. மீட்டர் முள்ளைப் பார்த்தே காலம் கழித்தவன் நான், வேறு எதை எடுப்பேன். கூடவே வறுத்த கோப்பிக் கொட்டையும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனித்தான் நான் புத்தியைக் காட்டினேன். தேயிலையில் நல்ல சாயம் வேண்டுமென்றால் டஸ்ட்தான், இலை தூளாகத் தூளாகச் சாயம் இறங்கும். கோப்பியும் அப்படித்தானே என்று நினைத்து, கொஞ்சக் கொட்டையை மில்லில் கொடுத்து, "டஸ்ட் நம்பர் வன் மாதிரி அரைங்க" என்றேன். மில்காரர் இரண்டு தடவை அரைத்தார், நான் விரலில் தேய்த்துப் பார்த்து மூன்றாவது தடவையும் அரைக்கச் சொன்னேன், முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி வந்தது. ஞாயிறு காலை, மாமி பூசைக்கு வெள்ளைச் சேலை கட்டி நிற்கும்போது, முதல் கோப்பி அவளுக்குத்தான் என்று அதை அமுக்கி நிரப்பி மெஷினைப் போட்டேன். முனகியது. சொட்டுக்கூட இறங்கவில்லை. முள் ஏறிச் சிவப்பைத் தொட்டது, ஃபெக்டரியில் முள் சிவப்புக்குப் போனால் எல்லாரும் வெளியே ஓடுவோம், நான் பழக்கத்தில் ஓடிவிட்டேன், மாமிக்கு அந்தப் பழக்கம் இல்லை. கைப்பிடி கழன்று விழுந்த சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டதாம். திரும்பி வந்து பார்த்தால் கூரையில் கோப்பி, திரு இருதய ஆண்டவர் படத்துக் கண்ணாடியில் கோப்பி, வெள்ளைச் சேலையின் நிலைமையை நான் எழுதப் போவதில்லை. அவள் கோபப்படவும் இல்லை. "மொதல்ல படத்தத் தொடைங்க, பெறகு என்னையப் பாருங்க" என்றாள்.

ஜாபிருக்கு போன் போட்டேன். "ஐயா, தூள் ரொம்பப் பொடிசா இருந்தா தண்ணி எங்கால போவும்? இது தேயிலை இல்ல, கொஞ்சம் நறநறப்பா இருக்கணும்" என்றார். அப்படிச் சொன்னால் எனக்கு விளங்கும். பென்ஷன் வந்தபோது ஞாபகத்துக்கென்று ஃபெக்டரியிலிருந்து கொண்டுவந்த சல்லடைகளைப் பரணிலிருந்து இறக்கி, மீதிக் கொட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, சலித்து, ஒவ்வொரு அளவாகப் போட்டு, எத்தனை நொடியில் இறங்குகிறது, நுரை எப்படி, வாசம் எப்படி என்று நோட்டுக் கொப்பியில் எழுதினேன். பதினெட்டு நாள் ஆனது. இப்போது இறங்குகிற கோப்பியை எந்த மனுஷனுக்கும் தைரியமாகக் கொடுக்கலாம்.

மருமகன், அன்று நான் பேசியது பிழை. ஒருத்தர் என்ன குடிக்கிறார் என்பதை வைத்து அவர் நாக்கை எடைபோட நான் யார். என் வீட்டில் நீங்கள் பையில் ஒளித்து ஒன்றைக் கொண்டுவர வேண்டி இருந்ததே, அதுதான் எனக்கு வெட்கம். நத்தாருக்கு வாங்க. மூன்று நாளாவது இருங்க. கோப்பி நானே போட்டு, சிவஞானம் முன்னாலேயே உங்கள் கையில் தருவேன்.

உங்கள் இருவர் தலையிலும் ஆண்டவருடைய கை இருக்கட்டும். மாமி உங்களுக்கு அன்பையும், மகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்லியும் எழுதச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
மி. சிங்கராயர்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு கோப்பிய விட்டு ஆறு மாசமாச்சு" என்றாள். வயிற்றில் புண் என்று டாக்டர் நிறுத்திவிட்டாராம், இப்போது லேசாகப் பால் விட்ட தேத்தண்ணிதானாம், கோப்பி குடிக்கிறவனுக்கு நாக்கு இல்லை என்ற என் முன்னால் அதை எப்படிக் கேட்பது என்றுதான் இவ்வளவு நாளும் வராமல் இருந்தீர்களாம். ஜெனிற்றா எப்போதோ இவளிடம் சொல்லிவிட்டாள். ஏன்டி எனக்குச் சொல்லல என்றால், "அந்த மெஷினோட நீங்க சந்தோசமா இருந்தீங்க" என்கிறாள். நான் சிரிக்கவில்லை. குசினிக்குள் அடுப்புப் பக்கம் போய் ஒரு தடவை மட்டும் சிரித்தேன். நீங்கள் வாங்க, தேத்தண்ணி தயாராக இருக்கும், நாக்கைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். இன்னொன்று. பதினெட்டு நாள் ருசி பார்த்ததில் துப்புவதை எந்த நாளில் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. இப்போது காலையில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று இல்லாவிட்டால் தலை வலிக்கிறது. கொட்டை முடியப்போகிறது. வரும்போது கொழும்பில் நல்லதாக ஒரு கிலோ வாங்கி வாங்க. சிவஞானத்துக்குத் தெரிய வேண்டாம், அன்று போலவே பைக்குள் வைத்துக் கொண்டுவாங்க.