வளையத்தின் கீழ் நின்ற வேந்தனில்லாப் படை

மண்ணும் விண்ணும் உள்ளளவும் மாறாத சொல்லினன், சோளக்கடல் சூழ்ந்த அயோவா நாட்டுக் கேல்வர்ட்டன் நகரின் குழாயடைப்பு அரக்கரை முப்பதாண்டு வளைகம்பியால் வதைத்த வல்லாளன், தன் தலைவனையன்றிப் பிறர்க்குத் தலைவணங்காத் தனிப்பெருந்தகை வெர்லின் ஹாக்லண்டின் புகழ் ஓங்குக. அத்தலைவர் சென்ற செவ்வாய்க்கிழமை போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

ஆளுநர் ப்ரென்னிக் என்னும் அவ்வேந்தர், தொலைக்காட்சியில் மனைவியின் கையைப் பற்றியவாறு சற்றுநேரம் பேசி, அதிபர் வேட்பாளர் ஆகும் ஆசையைத் துறந்து ஊர் திரும்பினார். அவருக்கு முன் வெர்லின் மனம்வைத்த இருவரும் அவ்வாறே ஊர் திரும்பியவர்கள். ஞாயிற்றுக்கிழமைக் குடும்ப விருந்தில் இதை வெர்லின் மனைவியின் தங்கை ஆர்லிஸ் எடுத்துவைத்தாள்.

“அத்தான் யாரு பக்கம் சாஞ்சாலும் அந்த ஆளு மூட்டையக் கட்டிடுறான். எங்க செனட்டரம்மா பக்கம் மட்டும் வந்துடாதீங்க, புண்ணியமாப் போகும்.”

மேசையே சிரித்தது. மசித்த உருளைக்கிழங்கு ஒழுகும் கரண்டியை வாளென ஓங்கி வெர்லின் சூளுரைத்தார்: “செத்தாலும் உன் மூலையில நிக்கமாட்டேன் ஆர்லிஸ். ப்ரென்னிக் போனா போகட்டும். நான் போகல.”

போர்நாளும் வந்தது. வெண்பனி மூடிய பள்ளியின் உள்விளையாட்டரங்கில், தம் அதிபர் வேட்பாளரைத் தேரக் கட்சியினர் திரண்டனர். கேல்வர்ட்டனார் இத்தேர்வில் சீட்டெழுதுவதில்லை, காலால் தேர்கிறார்கள். அவரவர் தம் வேட்பாளரின் மூலையில் நிற்க, நடுவர் விசில் ஊதியதும் நின்ற இடமே வாக்கு. பதினொருவர் சேராத மூலைக்கு அத்துடன் முடிவு.

செனட்டர் வில்மோரின் மூலையில் ஆர்லிஸின் சேனை அலைகடலென ஆர்ப்பரித்தது. எதிர்மூலையில், கூடைப்பந்து வளையத்தின் கீழ், ப்ரென்னிக்கின் சுவரொட்டியைக் கேடயமாய் ஏந்தி, காட்டுத்தீக்கு எஞ்சிய ஒற்றைத் தேக்கென வெர்லின் நின்றார்.

நடுவரான மல்யுத்தப் பயிற்சியாளர் டெவ்ரீஸ் அருகில் வந்தார். “வெர்லின், அவருதான் விலகிட்டாரேப்பா.”

“எங்கிட்ட சொல்லிட்டா விலகினாரு?”

டெவ்ரீஸ் விதிநூலைப் புரட்டினார். “நிக்கக்கூடாதுன்னு எங்கயும் போடல. நில்லு.”

அவ்வமயம், தத்தம் வேந்தர் களம்விட்டகன்றதால் எங்கே நிற்பதென்று அறியாது அரங்கின் நடுவே திரிந்தோர் இத்தனிமரத்தைக் கண்டனர். மார்கழியிலேயே நிதி வற்றி மறைந்த மேயரின் அடியார், வாய்தவறிய ஒரு சொல்லால் வீழ்ந்த ஜெனரலின் அடியார் என ஒன்பதின்மர் வந்து சேர்ந்தனர். சேர்ந்ததும் எவர் பெயரால் நிற்பதென்று உட்போர் மூண்டது.

“ஜெனரல் பேர்ல நிப்போம்” என்றார் பன்றிப்பண்ணை டாரல்.

“உங்க ஜெனரலுக்குப் போஸ்டர் இருக்கா?” என்றார் வெர்லின்.

“வீட்டுல இருக்கு.”

“எங்காளுக்கு இங்கயே இருக்கு.”

இவ்வாறு கொள்கைப்பூசல் தீர்ந்தது. ஆயினும் பதின்மரே; ஒருவர் குறை. அப்போது ஆர்லிஸின் சேனையிலிருந்து ஒரு பெண்மணி கைப்பையை எடுத்துக்கொண்டு அரங்கைக் கடந்து வந்தார். அவர் வெர்லினின் மனைவி மார்வா.

“எனக்கு இவரு கொள்கை ஒண்ணும் புரியல. ஆனா ராத்திரி இவரு வண்டியிலதான் வீட்டுக்குப் போகணும்” என்றார்.

பதினொருவர். வேந்தனில்லாப் படை வென்றது. உவகைப்பெருக்கில் நெஞ்சு விம்ம, மதங்கொண்ட களிறு மாற்றானின் கோட்டைவாயிலை முட்டப் புகுவதுபோல், மெழுகிட்ட தரை அதிர, பனிக்காலணி கீச்சிட, மூன்று தலைவரை இழந்தும் தன்னை இழவாத அப்பெருந்தகை அரங்கின் குறுக்கே நடந்து ஆர்லிஸின் மூலைக்குள் அவள் முன் சென்று நின்று முழங்கினார்:

“நல்லா எண்ணிக்க ஆர்லிஸ். பதினொண்ணு. ஓடிப்போனவனுக்கே ஆள் சேத்தவன் நான்.”

ஆர்லிஸின் கண் அவர் தோளைத் தாண்டி டெவ்ரீஸின் மேல் இருந்தது.

“சத்தத்துல சரியாக் கேக்கல அத்தான். இன்னொரு தரம் சொல்லுங்க.”

வெர்லின் நிறுத்தி, நிதானமாக, முதலிலிருந்து சொன்னார். டெவ்ரீஸ் விசில் ஊதினார்.

வெர்லின், செனட்டர் வில்மோருக்கு விழுந்த நாற்பத்து மூன்றாவது வாக்காக எண்ணப்பட்டார்.