முப்பத்து நாலாம் கேள்வி

“மேடம், காரைக் கொஞ்சம் நகர்த்தினீங்கன்னா நான் போயிடுவேன். பள்ளிக்கூடம் விடற நேரம். ஐஸ்கிரீம் உருகுது.”

வாசலில் ஐஸ்கிரீம்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மூன்று சக்கர மிதிவண்டி சந்தில் அடைபட்டிருந்தது. எதிரே கார் கோணலாகக் கிடந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த கணவர், இறங்கினால் போதும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து படுத்துவிட்டார்.

“ஏங்க, சாவி எங்க?”

வாயில் பஞ்சு இருந்ததால் கணவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். “ம்ம்! ம்ம்ஹும்!”

“வேண்டாமா? இருபத்திரண்டு வருஷமா ஊருக்கே லைசென்ஸ் பரீட்சை வைக்கிறவ நான். ஒரு காரை நகர்த்தத் தெரியாதா?”

லைசென்ஸ் ஆபீஸில் எழுத்துத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் அவள்தான். அறுபது கேள்விக்கும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லுவாள். அவளிடமும் லைசென்ஸ் இருந்தது. வாங்கியதிலிருந்து கைப்பையை விட்டு வெளியே வந்ததில்லை.

உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். கண்ணாடிகளைச் சரி செய்தாள். அதுவரை நூற்றுக்கு நூறு. கிளட்சை விட்டதும் கார் ஒரே துள்ளாகத் துள்ளி, சுவரோரப் பூந்தொட்டியைச் சாய்த்துவிட்டு அணைந்தது.

“பின்னால போகணும் மேடம்.”

“தெரியும். அது ஒரு சோதனை ஓட்டம்.”

ரிவர்ஸ் போட்டு ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். மூக்கு இடப்பக்கம் போனது. திடுக்கிட்டு அந்தப் பக்கம் ஒடித்தாள். வால் வேறெங்கோ போனது. கடைசியில் கார் சந்துக்குக் குறுக்கே, இரண்டு சுவருக்கும் நடுவில் தாழ்ப்பாள் போட்டதுபோல் நின்றது. முன்பு ஒரு சைக்கிளாவது போயிருக்கும். இப்போது பூனை போவதே சந்தேகம். வைப்பர் வேறு தானாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னலில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீங்கிய கன்னத்தில் வைக்க முடியாது.

அவள் இறங்கி சாவியை நீட்டினாள். “நீங்க எடுத்துடுங்களேன்.”

ஐஸ்கிரீம்காரர் ரெண்டடி பின்னால் போனார். “ஐயோ, நான் தொட மாட்டேன். நீங்களே எடுங்க, நான் சொல்றேன்.”

“நீங்களா?”

“மார்க்கெட்ல லாரிக்கெல்லாம் ரிவர்ஸ் பார்த்துச் சொல்லியிருக்கேன் மேடம். ஸ்டியரிங்கைப் பாக்காதீங்க. பின்சக்கரத்தைப் பாருங்க. வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருப்புங்க, மூக்கு தானா எதிர்ப்பக்கம் வரும்.”

மறுபடி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகப்போன அவள் கை நின்றது. அது முப்பத்து நாலாம் கேள்வி. ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டு, ஆயிரக்கணக்கான சரி போட்ட கேள்வி. ஒருநாளும் அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

“மெதுவா... நகரும்போதே திருப்புங்க. போதும். இப்ப கொஞ்சம் முன்னால. மறுபடி பின்னால.”

கண்ணாடியில் பின்சக்கரம் சுவரை ஒட்டி வளைந்தது. எதிரே மூக்கு விலகியது. “அட!” என்றாள். “இதுக்குத்தான் அந்தப் பதிலா!” இன்னும் ரெண்டு தடவை முன்னும் பின்னும் போய், கார் சுவரோடு சுவராகப் பதிந்தது. கணவர் பஞ்சோடு கை தட்டினார்.

ஆசை அடங்காமல் அவள் ஒரு தடவை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டாள். பிறகுதான் ஐஸ்கிரீம் ஞாபகம் வந்தது.

“இவ்வளவு தெரிஞ்சவர் இதை ஏன் மிதிச்சிட்டிருக்கீங்க? நாளைக்கே ஆபீஸுக்கு வாங்க, லைசென்ஸ் எடுத்துடலாம்.”

ஐஸ்கிரீம்காரர் மிதிகட்டையில் கால் வைத்தார்.

“ஏழு தடவை வந்துட்டேன் மேடம். ஏழு தடவையும் எழுத்துத் தேர்வுல என்னை ஃபெயில் போட்டது நீங்கதான்.”